680 லிட்டர்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். இந்த அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி செய்து விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரின் எடையே 680 கிலோ. கண்ணாடி, மணல், கல், இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கிவிடும். கொளத்தூரில் தொட்டி செய்து கொடுத்த அண்ணன் என்னிடம் முதலில் கேட்டது, "எந்த மாடி சார்?" என்றுதான். தரைத்தளம் என்றதும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

"அப்ப பயமில்ல. மீன் என்ன விடப் போறீங்க?"

"அது பாத்துக்கலாம்ணே. அழகா நாலு போட்டா போச்சு."

அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடி விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு நான் சரியான பதில் கண்டுபிடிக்க ஏழு மாதமானது.

தொட்டி வாங்கியதற்குக் காரணம் மீன் ஆசை கிடையாது. எங்கள் வீட்டு ஹாலை இரண்டாகப் பிரிக்க ஏதாவது வேண்டியிருந்தது.

அம்மா இறந்த பிறகு அப்பாவை விழுப்புரத்தில் தனியாக விட மனமில்லாமல் அம்பத்தூருக்குக் கூட்டிவந்தேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அதே வருஷக் கடைசியில் என் மனைவியின் அம்மா, கும்பகோணத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்தார். இவள் ஒரே பெண். வேறு யார் பார்ப்பார்கள்? இரண்டு படுக்கையறை வீடு. அத்தை பையனோடு ஒரு அறையில், அப்பா ஹாலில் கட்டில் போட்டு.

நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அத்தை சைவம். அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது கருவாட்டுக் குழம்பு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அத்தை காலை ஐந்து மணிக்கு எழுந்து ரேடியோவில் பக்திப் பாட்டு வைப்பார். அப்பா இரவு ஒரு மணி வரை பழைய படம் பார்ப்பார். டி.வி. ஒன்றுதான். இருவரும் சண்டை போட்டதே இல்லை. போட்டிருந்தால் பரவாயில்லை. ரிமோட்டைக் கொண்டுபோய் மற்றவர் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பார்கள், அவ்வளவுதான். "சம்பந்தியம்மா பாக்கட்டும், நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அப்பா வாசலில் போய் உட்காருவார். "உங்க அப்பா பாக்கட்டும் மாப்ள, எனக்கென்ன" என்று அத்தை அறைக்குள் போய்விடுவார். டி.வி. காலி நாற்காலிகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஹாலின் நடுவில் ஒரு பெரிய தொட்டி வைத்தால் இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அத்தை. பார்ப்பதற்கு இரண்டு பேருக்கும் ஏதாவது இருக்கும். இதுதான் என் திட்டம்.

கொளத்தூர் மீன் கடைகளை ஞாயிற்றுக்கிழமை பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தெரு முழுக்கக் கடைகள். பாலிதீன் பைகளில் ஆக்சிஜன் நிரப்பி ரப்பர் பேண்ட் போட்டு வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள். வெயில் பட்டு ஒவ்வொரு பையும் ஒரு பல்பு மாதிரி எரியும். அந்த நேரத்தில் பொருத்தமாவது ஒன்றாவது. பையன் கை காட்டியதையெல்லாம் வாங்கினேன். நாலு கோல்ட் ஃபிஷ், எட்டு டைகர் பார்ப், ஆறு ஏஞ்சல், இருபது நியான் டெட்ரா, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொன்னதால் இரண்டு சக்கர். கடைசியாகக் கட்டைவிரல் நீளத்தில் ஆரஞ்சுக் கோடு போட்ட ஒரு கறுப்பு மீன். "இது டைகர் ஆஸ்கர். நல்லா வளரும்" என்றார் கடைப் பையன். நல்லா வளரும் என்பதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் நிரப்பினோம். ஞாயிறு மாலை எல்லா மீனையும் விட்டோம். புதன்கிழமை காலை ஏழு நியான் மேலே மிதந்தன.

அப்பா அவற்றை ஒரு தேநீர் வடிகட்டியால் எடுத்துக் கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தார். வியாழன் இன்னும் ஐந்து. சனிக்கிழமை ஒரு கோல்ட் ஃபிஷ். ஏஞ்சல்களின் நெஞ்சுக்குக் கீழே நூல்போல் தொங்கும் துடுப்புகளை டைகர் பார்ப்கள் கடித்துக் குட்டையாக்கியிருந்தன. நியான் கணக்கில் எட்டு இருக்கவேண்டும், ஐந்துதான் இருந்தன. மூன்றின் உடல் எங்குமே இல்லை.

"சம்பந்தியம்மா கைநிறைய அள்ளிப் போடுறாங்க. அது அழுகி நாறுது" என்றார் அப்பா, என்னிடம், அத்தைக்குக் கேட்கும்படி.

"வாயில்லா ஜீவன், பசிச்சா கேக்கவா செய்யும்? கறி தின்ன கையோட தொட்டிக்குள்ள கைய விட்டா மீன் என்ன ஆகும்?" என்றார் அத்தை, மகளிடம், அப்பாவுக்குக் கேட்கும்படி.

ஒரு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட மிக நீளமான உரையாடல் அது.

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கொளத்தூர் போனேன். தொட்டி செய்த அதே அண்ணனிடம். அவர் சின்னச் சோதனைக் குழாயில் ஊற்றி, சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக இருக்கவேண்டிய தண்ணீர் அடர் பச்சையாக மாறியது.

"அமோனியா. மீன் பெறகு போறது, மிச்ச சாப்பாடு அழுகறது எல்லாம் இதான் ஆகும். ஃபில்டர் ஸ்பாஞ்சுல ஒரு பாக்டீரியா வரும், அது அமோனியாவ நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு பாக்டீரியா அத நைட்ரேட் ஆக்கும். அது பரவால்ல, வாரத்துக்குக் கால்வாசி தண்ணி மாத்தினா போயிடும். இந்த ரெண்டும் செட் ஆக ஒரு மாசம், ஒன்றர மாசம் ஆவும். நீங்க ரெண்டு நாள்ல ஊரையே குடி வச்சிட்டீங்க."

அம்பத்தூர் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், காரத்தன்மை அதிகம். அப்படிப்பட்ட தண்ணீரில் அமோனியாவின் விஷம் இன்னும் கூடும் என்றும் சொன்னார். வெயில் காலத்தில் தண்ணீர் சூடானால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

பிறகு என் மீன் பட்டியலைக் கேட்டார். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கறோம்ல? மீனுக்கு மூணு பாத்தா போதும். தண்ணிப் பொருத்தம், வாய்ப் பொருத்தம், குணப் பொருத்தம்."

அன்று அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். இத்தனை நாளில் மேற்கொண்டு படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன். பெரிய தொட்டி வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரு நியானாவது மிஞ்சும்.

தண்ணிப் பொருத்தம் என்றால், எல்லா மீனுக்கும் ஒரே தண்ணீர் ஆகாது. கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர்க்காரன். இருபது டிகிரி பக்கத்தில் சுகமாக இருப்பான். சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் முப்பதைத் தொடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. போதாததற்கு அவன் தின்பதும் அதிகம், கழிவதும் அதிகம். நியான் அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீரில் பிறந்தது. கறுப்புத் தேநீர் மாதிரி இலை ஊறிய நீர். அதை அம்பத்தூர் போர் தண்ணீரில் விட்டால் தாக்குப்பிடிப்பது கஷ்டம். இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் எந்தத் தண்ணீர் வைத்தாலும் ஒருவருக்கு அநியாயம்.

வாய்ப் பொருத்தம் இன்னும் எளிது. ஒரு மீனின் வாய்க்குள் இன்னொரு மீன் போகுமென்றால், ஒரு நாள் போகும். இதில் நல்லவன் கெட்டவன் கிடையாது. ஏஞ்சல் பார்க்கத்தான் தேவதை, வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் ஒரு வாய்ச் சோறு. அதோடு, வாங்கும் அன்றைக்கு இருக்கும் அளவைப் பார்க்கக் கூடாது, ஒரு வருஷம் கழித்து இருக்கப்போகும் அளவைப் பார்க்கவேண்டும். ஆஸ்கர் ஒரு வருஷத்தில் பத்து அங்குலத்தைத் தொடும், பத்துப் பதினைந்து வருஷம்கூட வாழும். இரண்டு அங்குலத்தில் விற்கும் சக்கர் ஒன்றரை அடி வரை போகும். ராத்திரியில் ஏஞ்சல், கோல்ட் ஃபிஷ் போன்ற மெதுவான மீன்களின் உடம்பில் ஒட்டி வழவழப்பைச் சுரண்டுவதும் உண்டு.

குணப் பொருத்தம்தான் சிக்கல். டைகர் பார்ப் ரௌடி என்று பெயர். ஆனால் அது கூட்டத்து மீன். பத்துப் பன்னிரண்டாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி அடங்கிவிடும். நாலைந்தை மட்டும் விட்டால் அந்த வேகத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் வாலில் காட்டும். என் எட்டு மீனுக்கு நீளத் துடுப்போடு ஆறு ஏஞ்சல் அகப்பட்டது பெரிய சபலம். கடைக்கார அண்ணன் சொன்னார்: "கடிக்கறது அது குணம் சார். கடிக்கற தூரத்துல கொண்டாந்து விட்டது நீங்க."

மறு ஞாயிறு மிச்ச மீன்களை வாளியில் எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். காசு கேட்கவில்லை, அவர் கொடுக்கவும் இல்லை. அப்பாவும் வந்திருந்தார். சக்கரைப் பார்த்து, "இத எதுக்குத் திருப்பிக் குடுக்கணும், நம்ம அம்பத்தூர் ஏரில விட்டா பொழச்சிக்குமே" என்றார்.

"பொழச்சிக்கும்யா. அதான் பிரச்சனையே" என்றார் அண்ணன். தென்னமெரிக்க மீன் அது. இப்படி விட்டு விட்டுத்தான் நம் ஊர் நீர்நிலைகளில் அது பெருகிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். முள் துடுப்பால் வலையைக் கிழிக்கும். நாட்டு மீன்களின் சாப்பாட்டைத் தின்னும். விற்கவும் முடியாமல் விடவும் முடியாமல் மீனவர்கள் கரையில் வீசிவிட்டுப் போவார்கள். அப்பா அதற்குப் பிறகு வழியில் ஒன்றும் பேசவில்லை.

ஒரு மீனை மட்டும் அவர் கொடுக்கவிடவில்லை. ஆஸ்கர்.

"இவன் கெடக்கட்டும்டா. இவன் ஆளப் பாக்கறான்."

உண்மைதான். ஆஸ்கருக்கு ஆள் தெரியும். அப்பா கட்டிலை விட்டு எழுந்தால் இந்த மூலைக்கு வருவான். அவர் நடந்தால் கூடவே ஆறடியும் நடப்பான். வாயைத் திறந்து திறந்து மூடி, ஏறினவரையெல்லாம் டிக்கெட் கேட்பவன் போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலைவான். அப்பா அவனுக்குக் கண்டக்டர் என்று பேர் வைத்தார். இரண்டு மாதத்தில் கையிலிருந்து இறால் துண்டை வாங்கித் தின்னப் பழகினான். கல்லை இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஒருக்களித்துப் படுத்துக்கொள்வான். செத்துவிட்டான் என்று அப்பா பதறி எனக்கு ஆபீஸுக்கு போன் செய்தார். அம்மா போனபோதுகூட அப்படி ஒரு குரலில் அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. அம்மா போன அன்று அவரிடமிருந்து குரலே வரவில்லை.

இந்தப் பக்கம் இப்படி. தொட்டிக்கு அந்தப் பக்கம் அத்தை உட்காருவதை விட்டிருந்தார். அவருக்குப் பிடித்தவை ஏஞ்சல்கள். அவை போய்விட்டன. இறால் வாசனை வேறு. பகலில்கூட அறைக்குள்ளேயே இருக்க ஆரம்பித்தார். பையன் ஸ்கூல் விட்டு வந்தால் விளையாட அறை வேண்டும், அப்போது மட்டும் எழுந்து சமையல்கட்டில் நிற்பார். ஒன்றும் வேலை இருக்காது. மேடையைத் துடைத்ததையே திரும்பத் துடைப்பார். நான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மாடிப் போர்ஷன் காலியானபோது எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பால்கனி. வீட்டுக்காரர் தெரிந்தவர். ராத்திரி மனைவியிடம் சொன்னேன். சொன்ன விதம்தான் தப்பு. கொளத்தூர் அண்ணனின் மூன்று பொருத்தத்தையும் விளக்கி, இதில் யார் மேலும் தப்பில்லை, இரண்டு பேருக்கும் தண்ணி வேற என்று, ஏதோ பெரிய கண்டுபிடிப்பு போலப் பேசினேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"எங்கம்மாவத் தனித் தொட்டில போடலாங்கற. அப்படித்தானே?"

"அப்படி இல்ல..."

"உங்கப்பாவ ஏன் மாடிக்கு அனுப்பக் கூடாது?"

முட்டிவலி, படியேற முடியாது என்றேன். காரணம் நிஜம். ஆனால் அது முதலில் நினைவுக்கு வந்த காரணம் அல்ல, மாடி என்றதுமே என் மனதில் போனது அத்தைதான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மீனுக்குப் போன பிறவிக் கதையெல்லாம் கிடையாது. தன் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு இரண்டு பெட்டியோடு இன்னொருவர் வீட்டு வாசலில் வந்து நின்ற ஞாபகம் எந்த ஏஞ்சலுக்கும் இருக்காது. அன்றைக்கு நான் உபமானம் சொன்னதற்கு மூன்று வாரம் வீட்டில் பேச்சில்லை.

முடித்துவைத்தவர் அத்தை. எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. ஒரு மத்தியானம் நான் தொட்டித் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றார். பழைய தண்ணீரை வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவது வழக்கம். நைட்ரேட் செடிக்கு உரம்.

"மாப்ள, மேல் வீடு இன்னும் காலியாத்தான் இருக்கா?"

"அத்தை, அது நான் ஏதோ..."

"நீங்க சொன்னதுக்காக இல்ல. ஒண்ணர வருஷமா நான் ஒரு கதவச் சாத்தல. சாத்தினா யாராவது என்னமோ ஏதோன்னு தட்டுவீங்க. எனக்கு ஒரு கதவு வேணும். நானே சாத்தி நானே தெறக்கற கதவு. இவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

நான் வாளியைப் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் வழிந்து அவர் கால் நனைந்ததை அவர்தான் சொன்னார்.

தெருவில் பேசினார்கள். "பெத்த தாய மாடில தள்ளிட்டா" என்று இவள் காதுபடவே ஒரு அம்மா சொன்னார். இவள் அழுதாள். அத்தை மாடியில் பால் காய்ச்சிய அன்றும் அழுதாள். அது சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். இன்னமும் சில ராத்திரி அவள் மாடிக்குப் போய் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள்.

தொட்டியில் அப்போது கண்டக்டர் மட்டும்தான். எட்டு அங்குலம். 680 லிட்டரில் ஒற்றை மீன். பையன், "போரடிக்குதுப்பா அதுக்கு" என்றான். மறுபடி கொளத்தூர் போனேன். இந்த முறை கடைக்கார அண்ணன் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டேன்: ஆஸ்கரோடு யார் இருக்க முடியும்?

"சில்வர் டாலர்" என்றார். அதுவும் தென்னமெரிக்காதான், ஆஸ்கருக்கு ஒத்துவரும் வெப்பம் அதற்கும் ஒத்துவரும். தட்டு மாதிரி உயரமான உடம்பு, நாலு அங்குலம் வளர்ந்ததாக வாங்கினால் இவன் வாய்க்குள் போகாது. வேகமாக நீந்தும். கூட்டமாக இருக்கும், அதனால் ஆறாவது வாங்கவேண்டும். சண்டைக்கு வராது. எல்லாவற்றுக்கும் மேலே, அது கீரை தின்னும் மீன். தொட்டியில் செடி வைத்தால் ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடும். இவன் கறி, அது சைவம். சாப்பாட்டுக்குப் போட்டி பெரிதாக இருக்காது.

விடும் விதத்தையும் சொன்னார். முதலில் கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட வேண்டும். அப்போது பழையவனுக்கும் அது புது வீடாகிவிடும், இது என் மூலை என்ற பாத்தியதை இருக்காது. விளக்கை அணைத்துவிட்டு மாலையில் விட வேண்டும். பையை அப்படியே கவிழ்க்காமல், தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தண்ணீரைப் பைக்குள் சேர்க்க வேண்டும். அப்படியும் ஒரு வாரத்துக்குக் கண்டக்டர் துரத்தினான். ஆறில் ஒன்றுக்கு வால் கிழிந்து, பத்தாம் நாள் செத்துப்போனது. எல்லாப் பொருத்தமும் பார்த்துத்தான் விட்டோம்.

மிச்சம் ஐந்தும் இப்போது அவனோடுதான் இருக்கின்றன. சாயங்காலம் ஐந்தரைக்கு அத்தை மாடியிலிருந்து இறங்கி வருவார், ஒரு கிண்ணத்தில் வெந்நீரில் போட்டு எடுத்த பசலைக்கீரையோடு. அந்த முனையில் நின்று ஒவ்வொரு இலையாக விடுவார். இந்த முனையில் அப்பா இறால் துண்டோடு. கண்டக்டர் இங்கே இருக்கும்போதுதான் தட்டுகளால் அங்கே நிம்மதியாகத் தின்ன முடியும் என்பதால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கவேண்டியிருக்கிறது. பேசிக்கொள்வதில்லை. டி.வி. மாடியில் ஒன்று, கீழே ஒன்று.

போன வாரம் மணி ஆறாகியும் அத்தை வரவில்லை. அப்பா இரண்டு முறை வாசலைப் பார்த்தார்.

"சம்பந்தியம்மா எங்கடா? தட்டுங்க பசியில சுத்துதுங்க."

மாடிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அத்தை கும்பகோணத்துத் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ பழைய கதை, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கையை ஓங்கியவன் தட்டாமல் இறங்கி வந்தேன்.

"வந்துடுவாங்கப்பா" என்றேன்.

அப்பா இறால் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.